ஆன்டலோப் கேன்யன்: ஒரு நாள் டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன்

போன மாதம் நண்பன் ஒருவன் போன் செய்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லாஸ் வேகாஸ் வரை கூட்டிப் போகிறான், அங்கிருந்து ஆன்டலோப் கேன்யன் என்ற "அந்த ஆரஞ்சுப் பாறை இடுக்கு"க்கும் ஒரு நாள் போய் வர ஆசை. தேடினால் வரிசையாக ஏகப்பட்ட டூர் வருகிறதாம். எல்லாவற்றிலும் ஒரே படம்: குகை மாதிரி இருட்டான ஓர் இடம், மேலேயிருந்து தூண் போல இறங்கும் வெயில். விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. "எது நல்ல டூர்னு சொல்லுடா" என்றான்.

"எந்த கேன்யனுக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. முதல் தடவை எனக்கும் புரிந்ததில்லை. படத்தைப் பார்த்துப் பணம் கட்டி, விடியுமுன் பஸ் ஏறி, ராத்திரி வந்து படுத்து, மறுநாள் என் படங்களையும் விளம்பரப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் போனது வேறு இடுக்கு என்று தெரிந்தது. இடம் அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வெயில் தூண் விழுகிற இடம் அது இல்லை. விளம்பரத்தைத் திரும்பப் படித்தேன். அதில் பொய் என்று ஒரு வரி கூட இல்லை. கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை.

நண்பனிடம் அரை மணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

டூருக்குள் ஒரு டூர்

ஆன்டலோப் கேன்யன் இருப்பது அரிசோனா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், பேஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். அந்த நிலம் நவஹோ பழங்குடி மக்களுடையது. நவஹோ நேஷன் என்ற அவர்களுடைய தன்னாட்சிப் பகுதிக்குள் வருகிறது. 1997 முதல் அதை அவர்கள் தங்கள் பூங்காவாக நிர்வகிக்கிறார்கள். அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது.

இதனால் சில விஷயங்கள் தானாகவே முடிவாகிவிடுகின்றன. சொந்தக் காரில் போய் நிறுத்திவிட்டு நாமாக நடந்து பார்க்க வழியில்லை. அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கு வாங்கி வைத்திருக்கும் வருடாந்தர பாஸ் இங்கே செல்லாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: லாஸ் வேகாஸிலிருந்து உங்களை ஏற்றிப் போகும் கம்பெனி உங்களை உள்ளே கூட்டிப் போகப்போவதில்லை. அவர்களுடைய வேலை வாசல் வரை. அங்கே ஒரு நவஹோ நிறுவனத்தின் வழிகாட்டியிடம் உங்களை ஒப்படைத்துவிட்டு டிரைவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

ஆக, "ஒரு நாள் டூர்" என்று நாம் வாங்குவதற்குள் இரண்டு டூர் இருக்கிறது. வெளியே ஒரு பஸ் டூர், அதற்குள்ளே ஒரு கேன்யன் டூர். விளம்பரம் முழுக்க வெளி டூரைப் பற்றியே இருக்கும்: ஏசி வண்டி, ஹோட்டல் பிக்கப், மதியச் சாப்பாடு, நட்சத்திர மதிப்பெண். நீங்கள் பார்க்கப்போவது என்ன என்பதை முடிவு செய்வது உள் டூர். அதனால் தேர்வை உள்ளேயிருந்து ஆரம்பியுங்கள். எந்த இடுக்கு, எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பது அப்புறம்.

எந்த இடுக்கு?

ஏறக்குறைய 19 கோடி வருடம் முன்பு காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானதுதான் இந்தப் பாறை. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து ஓடி வரும் வெள்ளம் மணலையும் சேர்த்து அள்ளி வருகிறது. அந்த மணல் உப்புத்தாள் மாதிரி பாறை வெடிப்பைத் தேய்த்துத் தேய்த்து, ஆழமாகவும் குறுகலாகவும் அறுத்துவிட்டது. அகலம் சில இடங்களில் ஓர் ஆள் நுழையும் அளவுதான். ஆழமோ நூறடிக்கு மேல். வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் ஒரு காட்டு ஓடையின் அடியில்தான் நீங்கள் நடக்கிறீர்கள். மழையைப் பற்றிப் பேசும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

ஒரே ஓடை பல இடங்களில் பாறையை அறுத்திருக்கிறது. அதனால் "ஆன்டலோப் கேன்யன்" என்ற ஒரே பெயரில் பல இடுக்குகள்.

அப்பர் கேன்யன்தான் படங்களில் வருவது. நவஹோ மொழியில் அதன் பெயருக்குப் பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம் என்று பொருள். நீளம் சுமார் 200 மீட்டர். கீழே அகலம், மேலே குறுகல், கூடாரம் மாதிரி. மேலே வாய் குறுகலாக இருப்பதால்தான் உச்சி வெயில் ஒற்றைத் தூணாக உள்ளே இறங்குகிறது. உள்ளே தரை சமமான மணல், நடப்பது எளிது. நிறுவனத்தின் வண்டியில் மணல் பாதையில் குலுங்கிக்கொண்டு போய் வாசலில் இறங்குவீர்கள். விலை இதற்குத்தான் அதிகம், கூட்டமும் இங்கேதான் அதிகம். ஒரு எச்சரிக்கை: "அப்பரில் படியே கிடையாது" என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அப்போது போன வழியிலேயே திரும்பி வந்தார்கள். இப்போது ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டார்கள். மறுமுனையில் வெளியே வந்து, பாறைக்கு மேலாகப் போட்டிருக்கும் இரும்பு நடைபாதையிலும் படிகளிலும் சுற்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்ப வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லோயர் கேன்யன் இதற்குத் தலைகீழ். மேலே அகலம், கீழே குறுகல். நீளம் அப்பரைப் போல இரண்டு மடங்கு, சுமார் 400 மீட்டர். நவஹோ பெயரின் பொருள் சுருள் பாறை வளைவுகள். பெயருக்கு ஏற்ற மாதிரியே இருக்கும்: அலை உறைந்து நின்றது போலப் பாறை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் சுழன்று போகும். வெளிச்சம் பரவலாக வருவதால் வெயில் தூண் அநேகமாகக் கிடைக்காது. ஆனால் நிறங்கள் நாள் முழுக்கக் கிடைக்கும். வண்டிப் பயணம் இல்லை, அலுவலகத்திலிருந்து நடந்தே போகலாம். செங்குத்தான இரும்பு ஏணிப்படிகளில் இறங்க வேண்டும், நடுநடுவே ஏறவும் வேண்டும். கால் வைக்கும் தரை சில இடங்களில் ஒரு செருப்பு அகலம்தான். இங்கே டூர் நடத்துவது கென்ஸ் டூர்ஸ், டிக்ஸி எல்லிஸ் என்ற இரண்டு நவஹோ குடும்ப நிறுவனங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒரே இடுக்குக்குள்தான் போகின்றன. எதை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வேண்டிய நேரத்தில் யாரிடம் இடம் இருக்கிறதோ அவரிடம் எடுங்கள்.

மூன்றாவது, கேன்யன் எக்ஸ். அதே ஓடை வழியில் இன்னும் மேலே, நெடுஞ்சாலை 98-ல் தென்கிழக்காகக் கொஞ்ச தூரம் போனால் வரும். கூட்டம் குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. சரிவில் இறங்கி ஏறும் நடை உண்டு. லாஸ் வேகாஸ் பஸ் டூர்கள் பல இங்கேதான் போகின்றன. சில விளம்பரங்களில் "எக்ஸ்" என்ற அந்த ஓர் எழுத்தை, அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நான் மாட்டியது இப்படித்தான்.

இவை தவிர சீக்ரெட் கேன்யன், ராட்டில்ஸ்நேக் கேன்யன், ஆவுல் கேன்யன் என்று சின்னச் சின்ன இடுக்குகளும் நவஹோ நிலத்தில் உண்டு. அங்கெல்லாம் உங்கள் குழு மட்டும் தனியாக நின்று பார்க்கலாம். இரண்டாம் தடவை வருகிறவர்கள் இவற்றைப் பாருங்கள்.

அப்புறம் படகு. "ஆன்டலோப் கேன்யன் போட் டூர்", "ஆன்டலோப் கேன்யன் கயாக்" என்றும் விற்கிறார்கள். இது மோசடி இல்லை. க்ளென் கேன்யன் அணை கட்டியபோது தேங்கிய பவல் ஏரியின் தண்ணீர், அதே ஓடையின் கடைசிப் பகுதிக்குள் ஏறி நிற்கிறது. படகு அந்தத் தண்ணீர்ப் பாதைக்குள் போகும். இரண்டு பக்கமும் உயர்ந்த பாறைச் சுவர், நடுவே பச்சைத் தண்ணீர், நல்ல சவாரிதான். ஆனால் நீங்கள் படத்தில் பார்த்த இடுக்குக்குள் அந்தப் படகு போகாது. விலை குறைவாக இருக்கிறதே என்று இதை புக் செய்துவிட்டு, படகு திரும்பும்போது "கேன்யன் எப்போ வரும்?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

வயதானவர்களோடு போனால் என் கருத்து இது: நடக்க முடிகிறவர்கள், ஆனால் ஏணிப்படி பயம் என்றால் அப்பர். முழங்கால் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சாகசம் பிடிக்கும் என்றால் லோயர். ஒன்றுதான் பார்க்க முடியும், படத்தில் உள்ள தூணைப் பற்றிப் பெரிய ஆசை இல்லை என்றாலும் நான் லோயரைத்தான் சொல்வேன். அதிக நேரம் கிடைக்கும், காசும் குறையும்.

நேரம்

அப்பரில் வெயில் தூண் தெரிவது தோராயமாக மார்ச் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. அதுவும் காலை 11 மணியிலிருந்து மதியம் ஒன்றரைக்குள். அந்த நேரத்து டிக்கெட்டுக்குத் தனி விலை உண்டு, கோடையில் வாரக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். மேகம் வந்தால் தூண் இல்லை, அதற்காகப் பணமும் திரும்பாது. காலை எட்டு மணிக்கோ மாலை நாலு மணிக்கோ அப்பருக்கு டிக்கெட் கிடைத்தால் அது கெட்ட நேரம் என்று சொல்ல மாட்டேன். பாறையில் பட்டுப் பட்டு இறங்கும் வெளிச்சத்தில் ஆரஞ்சும் ஊதாவும் நன்றாகவே தெரியும். ஆனால் தூணுக்கு ஆசைப்பட்டு, அந்த நேரத்துக்குப் போய் ஏமாறாதீர்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை தூண் கிடையாது. ஆனால் கூட்டமும் கிடையாது. குளிர் எலும்பைத் தொடும், பேஜ் ஊரே 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாறை அப்போது நீலமும் ஊதாவுமாக இருக்கும். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்தக் காலத்தைத்தான்.

இன்னொரு விஷயம், கடிகாரம். இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ நேஷன் நகர்த்துகிறது. பக்கத்து யூட்டா மாநிலமும் நகர்த்துகிறது. கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும் டூர் நிறுவனங்கள் எல்லாம் பேஜ் ஊரைப் போல அரிசோனா நேரத்தில்தான் ஓடுகின்றன. உங்கள் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஒரு ஜூன் மாதக் காலை நாங்கள் பல் மட்டும் தேய்த்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் அடித்துப் பிடித்து ஓடிப்போய் நின்றால், கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்றார். அப்பா அன்று முழுவதும் என் போனைச் சந்தேகமாகவே பார்த்தார்.

சீக்கிரம் போனால் பரவாயில்லை. ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் லாஸ் வேகாஸ் நேரம் பேஜை விட ஒரு மணி நேரம் பின்னால். அங்கிருந்து காரில் வருகிறவர்கள் வழியிலேயே ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். கோடையில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், கவலையில்லை. போனில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, அரிசோனா தலைநகர் ஃபீனிக்ஸின் நேரத்தை நீங்களே வைத்துவிடுங்கள். நேரம் தவறி வந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் பணத்தைத் திருப்புவதில்லை. செக்-இன் நேரமும் டூர் நேரமும் வேறு வேறு என்பதையும் டிக்கெட்டில் பாருங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள்.

பஸ்ஸா, சொந்தக் காரா?

லாஸ் வேகாஸிலிருந்து பேஜ் சுமார் 440 கிலோமீட்டர். நிற்காமல் போனால் நாலரை மணி நேரம். போக வர ஒன்பது. கேன்யனுக்குள் நீங்கள் இருப்பது ஒரு மணி, ஒன்றேகால் மணி. ஐந்து, ஐந்தரைக்கு ஹோட்டல் வாசலில் நிற்கச் சொல்வார்கள். இன்னும் ஐந்தாறு ஹோட்டலில் ஆள் ஏற்றிவிட்டுத்தான் ஊரைத் தாண்டும். திரும்பி வர இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். இந்தக் கணக்கை முதலில் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப் போனால் மூன்றாவது மணி நேரத்தில் ஆரம்பிக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கார் ஓட்ட ஆள் இருந்தால் என் ஓட்டு பேஜ் ஊரில் ஓர் இரவு தங்குவதற்கு. நவஹோ நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் எடுக்கலாம், எந்த இடுக்கு, எந்த நேரம் என்பது உங்கள் கையில் இருக்கும். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு, அறை வாடகையைச் சேர்த்தாலும் பஸ் டூரை விடச் செலவு குறைவாகவே வந்தது எனக்கு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பிலிருந்து பேஜ் இரண்டரை மணி நேரம், ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து இரண்டேகால், யூட்டா பக்கம் கானபிலிருந்து ஒன்றேகால். ஃபீனிக்ஸில் இருக்கிறவர்களுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். எந்தப் பயணத் திட்டத்திலும் இதைச் சொருக இடம் கிடைக்கும்.

பஸ் டூர் யாருக்குச் சரி? தனியாக வந்தவர்கள், அமெரிக்காவில் கார் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள், அலுவலக வேலையாக வேகாஸ் வந்து ஒரே ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பவர்கள். அப்படியென்றால் பெரிய பஸ்ஸை விடப் பதினாலு பேர் போகும் வேனைத் தேடுங்கள். பிக்கப் சுற்றும் குறையும், பாத்ரூம் போக நிறுத்தச் சொல்லவும் முடியும். "கிராண்ட் கேன்யன், ஆன்டலோப், ஹார்ஸ்ஷூ பெண்ட் மூன்றும் ஒரே நாளில்" என்று வேகாஸிலிருந்து ஒரு டூர் கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள் (ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ன என்று கடைசியில் சொல்கிறேன்). அது சுற்றுலா இல்லை, தண்டனை.

மழை

1997 ஆகஸ்ட் 12. லோயர் கேன்யனுக்குள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அங்கே பெரிய மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இடிமழை கொட்டியது. அந்தத் தண்ணீர் ஓடை வழியே திரண்டு வந்து இடுக்குக்குள் சுவர் மாதிரிப் பாய்ந்தது. பதினொரு பேர் இறந்துபோனார்கள். வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். அப்போது இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் பெய்த மழைக்கு அருவியில் தடை போட்டிருப்பார்கள். அங்கேயாவது ஓட இடம் உண்டு.

இன்று பாறையில் திருகிப் பதித்த இரும்புப் படிகள், வானிலை எச்சரிக்கை ரேடியோ, பிடித்து ஏற மேலிருந்து இறக்கும் வலைகள் எல்லாம் இருக்கின்றன. மேட்டில் மழை என்று தெரிந்தாலே டூரை நிறுத்திவிடுவார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மழைக்காலம். மேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். அந்த மாதங்களில் போனால் காலை நேர டிக்கெட் பாதுகாப்பு. "தலைக்கு மேலே நீல வானம்தானே, ஏன் ரத்து செய்கிறீர்கள்?" என்று கவுண்டரில் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நீல வானத்தை நம்பக் கூடாது என்பதுதான் விஷயமே.

உள் டூர் ரத்தானால் நவஹோ நிறுவனம் பணத்தைத் திருப்பலாம், வேறு நேரம் தரலாம். ஆனால் வேகாஸ் பஸ் கம்பெனி என்ன செய்யும்? சிலர் கேன்யன் கட்டணத்தை மட்டும் கழித்துத் தருவார்கள். சிலர் வேறொரு இடத்தைக் காட்டிவிட்டு, டூர் முடிந்தது என்பார்கள். இது அவர்கள் விதிமுறையில் எழுதியே இருக்கும். படிக்கிறவர்கள்தான் இல்லை.

பணம் கட்டும் முன் எழுதிக் கேட்க வேண்டியவை

போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

– அப்பரா, லோயரா, எக்ஸா, வேறா? "ஆன்டலோப் கேன்யன்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.
– உள்ளே கூட்டிப் போகும் நவஹோ நிறுவனத்தின் பெயர் என்ன? பெயர் சொல்லத் தயங்கினால் வேறு கம்பெனி பாருங்கள்.
– அரிசோனா நேரப்படி எத்தனை மணிக்கு உள்ளே இறங்குவோம்? "அன்றைக்கு ஒதுக்குவார்கள்" என்றால் மதிய வெயில் தூணை மறந்துவிடலாம்.
– நவஹோ பூங்கா அனுமதிக் கட்டணம் விலைக்குள் சேர்த்தியா? ஆளுக்கு இத்தனை டாலர் என்று அது தனியாக உண்டு. சில டூர்களில் வாசலில் வாங்குவார்கள்.
– மழையால் ரத்தானால் முழுப் பணமா, பாதியா?
– சைவச் சாப்பாடு உண்டா? "உண்டு" என்றால், என்ன என்று கேளுங்கள். வான்கோழி சாண்ட்விச்சிலிருந்து வான்கோழியை எடுத்துவிட்டுக் கொடுத்ததை நான் சாப்பிட்டிருக்கிறேன்.

கைக்குழந்தை இருந்தால் இன்னும் ஒரு கேள்வி. அப்பர் போகும் வண்டிக்குக் குழந்தை இருக்கை நீங்களே கொண்டுவர வேண்டுமா? லோயரில் முதுகில் மாட்டும் குழந்தைப் பை ஒத்துவராது, முன்னால் கட்டிக்கொள்வதுதான் நல்லது. தள்ளுவண்டியை மறந்துவிடுங்கள்.

போகிற அன்று

பை எதுவும் கொண்டுபோக முடியாது. முதுகுப்பை, கைப்பை, இடுப்புப் பை எல்லாம் வெளியேதான். மூன்றுகால் ஸ்டாண்ட், செல்ஃபி ஸ்டிக், ட்ரோன் கூடாது. வீடியோவும் கூடாது என்று சொல்வார்கள். தண்ணீர் பாட்டில் கையில் வைத்துக்கொள்ளலாம். மருந்து, பாஸ்போர்ட், பணம் எல்லாம் பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி உடுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பையை வண்டியிலேயே வைக்கலாம். சொந்தக் காரில் வந்தால் டிக்கியில்.

அம்மாவுக்குச் சேலை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அப்பரில் சமாளித்துவிடலாம். லோயரின் ஏணிப்படியில் முந்தானையைப் பிடிக்க ஒரு கை, கம்பியைப் பிடிக்க ஒரு கை என்றால் பின்னால் வருகிறவருக்குத்தான் பயம். சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் போதும். மேலேயிருந்து மணல் சலித்த மாதிரிக் கொட்டிக்கொண்டே இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை வாசலில் மட்டும்தான்.

படம் எடுப்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வழிகாட்டிகள் போனை வாங்கி, எந்த ஃபில்டர் வைத்தால் பாறை நிறம் வரும் என்று ஒரே நிமிடத்தில் அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் பிடிக்கத் தெரியாத கோணத்திலும் அவர்களே எடுத்துத் தருவார்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், நிறம் செத்துவிடும். கோடையில் உங்களுக்குப் பின்னால் அடுத்த குழு நின்றுகொண்டே இருக்கும், ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்க விடமாட்டார்கள். அதனால் முதல் வளைவிலேயே ஐம்பது படம் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், நல்ல வளைவெல்லாம் மேலேதான்.

பாறையில் பெயர் கீறுவது, கல்லோ மணலோ எடுத்து வருவது இரண்டும் குற்றம். நவஹோ மக்களுக்கு அது புனிதமான இடம். வழிகாட்டி தன் குடும்பத்தைப் பற்றி, ஆடு மேய்த்த பாட்டியைப் பற்றி ஏதாவது சொன்னால் கேளுங்கள். பேச ஆள் கிடைத்தால் அவர்களும் உற்சாகமாகிவிடுகிறார்கள். கடைசியில் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். ரொக்கமாக வைத்திருங்கள். பஸ் டூரில் டிரைவருக்குத் தனி, கேன்யன் வழிகாட்டிக்குத் தனி.

அப்புறம் ஹார்ஸ்ஷூ பெண்ட். கொலராடோ ஆறு குதிரை லாட வடிவில் வளைந்து போவதை ஆயிரம் அடி மேலேயிருந்து பார்க்கும் இடம். பேஜிலிருந்து ஐந்தாறு நிமிடம். இதற்கு வழிகாட்டி தேவையில்லை. வண்டி நிறுத்த பேஜ் நகராட்சி 10 டாலர் வாங்குகிறது. இங்கும் பூங்கா பாஸ் செல்லாது. போக வர சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடை, நிழல் மிகக் குறைவு. விளிம்பில் ஒரு பகுதிக்கு மட்டும்தான் கம்பித் தடுப்பு உண்டு. மீதி இடத்தில் குழந்தையின் கையை விடாதீர்கள். ஜூன், ஜூலையில் 38 டிகிரி சாதாரணம், நடுப்பகலில் போகாதீர்கள். டூர் காலையில் என்றால் இதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பன் கடைசியில் வேகாஸ் பஸ்ஸை விட்டுவிட்டு, பேஜில் ஓர் அறை எடுத்தான். அப்பா அம்மாவுக்கு அப்பரில் பதினொன்றரை மணி டிக்கெட், மறுநாள் காலை அவனுக்கும் மனைவிக்கும் மட்டும் லோயர். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்று அவன் அம்மா கேட்டாராம். காரில் தாராளமாக. கேன்யனுக்குள் டப்பா கொண்டுபோகத்தான் முடியாது.